பச்சைத் தாளைக் குடியுரிமை ஆக்கியவர்கள்: ‘ரெசிதென்சியா’வுக்குத் தமிழ் என்ன?

சித்தி மகள் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வலென்சியாவுக்குக் குடும்பத்தோடு இடம் மாறுகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணா, ஸ்பெயினுக்குப் போய் மூன்று மாதத்துக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். ஜெர்மன் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வருமோ?” குரலில் நடுக்கம். யார் சொன்னது என்று கேட்டேன். தமிழில் மொழிபெயர்த்த நான்கு பக்க வழிகாட்டி ஒன்று யாரிடமிருந்தோ அவள் கைக்கு வந்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ‘குடியுரிமை’ அதில் பதினேழு இடங்களில் வருகிறது. பதினேழும் தவறு.

அவள் பயந்ததில் நியாயம் உண்டு. ஸ்பெயின் நாட்டுக் குடியுரிமை வாங்கும் ஜெர்மானியர் தம் பழைய குடியுரிமையைத் துறப்பதாகச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் பத்து ஆண்டுகள் அந்நாட்டில் சட்டப்படி வாழ்ந்திருக்கவும் வேண்டும். போர்ச்சுகல்காரருக்கும் லத்தீன் அமெரிக்கருக்கும் இரண்டு ஆண்டுகள் போதும். ஸ்பெயின்காரரை மணந்தவருக்கு ஒன்று. அவளிடம் கேட்கப்படுவதோ இவற்றில் எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகளான அவள் மூன்று மாதத்துக்கு மேல் அங்கே தங்கப்போகிறாள் என்பதால், தன் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். எழுதியதற்குச் சான்றாக ஒரு பச்சைத் தாள் தருவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஸ்பானிய மொழியில் இந்த வேலை முழுவதையும் பேச்சு வழக்கில் ‘ரெசிதென்சியா’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். லத்தீனில் ‘செதேரெ’ என்றால் உட்கார்தல். முன்னால் ‘ரெ’ சேர்ந்து ‘ரெசிதேரெ’ ஆனது: ஓரிடத்தில் அமர்ந்து தங்குதல். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் எல்லாவற்றிலும் இருப்பது இந்த ஒரே வேர்தான். நம் ‘இரு’ என்ற வினையும் இதே வேலையைச் செய்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி. நாற்காலியைக் காட்டி “இருங்கள்” என்கிறோம், “இப்போது எங்கே இருக்கிறீர்கள்?” என்று ஊரையும் கேட்கிறோம். வேரை மட்டும் பார்த்தால் ‘இருப்பு’தான் மிக நெருக்கமான தமிழ். ஆனால் இருப்பு என்றால் கடையில் சரக்கு, வங்கியில் பணம். இருப்பிடத்தைக் கைபேசி பிடுங்கிக்கொண்டுவிட்டது. வரைபடத்தில் நகரும் நீலப் புள்ளிக்கு இப்போது அந்தப் பெயர். தாலுகா அலுவலகத்தில் ‘இருப்பிடச் சான்றிதழ்’ இன்னும் உயிரோடு இருந்தாலும் அது வட்டாட்சியர் தரும் வேறு தாள். ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது குடியுரிமைக்கு வருகிறேன். இந்தப் பிழை எங்கிருந்து பிறக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளரின் சோம்பல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்லின் உடலிலேயே ஒரு பொறி இருக்கிறது. குடி என்றால் வீடு. குடும்பமும் குலமும் குடிதான், அரசனின் மக்களும் குடிதான். குடியிருப்பு, குடிபோதல், குடிக்கூலி எல்லாம் வசிப்பதைப் பற்றிய சொற்கள். அதே வேரிலிருந்துதான் குடிமகனும் குடியரசும் வந்தன. ஆக, ‘குடியுரிமை’யைக் காதால் மட்டும் கேட்பவருக்கு அது குடியிருக்கும் உரிமை என்றே படும். இந்திய அரசமைப்பின் இரண்டாம் பகுதி தமிழில் குடியுரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கியபோதே இந்தச் சொல்லின் பொருள் முடிவாகிவிட்டது. பொறி மட்டும் அப்படியே இருக்கிறது.

இலங்கைத் தமிழில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே அதற்குப் பிரசாவுரிமை என்று பெயர். வடமொழிச் சொல் என்று மூக்கைச் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். வீட்டு வாடகையோடு யாரும் அதைக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வலியும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்து லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் அவர்கள். வாழ்வதற்கு ஒரு கூரை இருந்தது, நாடு இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அவர்களைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஓரிடத்தில் வாழ்வது வேறு, அந்த நாட்டின் குடிமகனாக இருப்பது வேறு என்பதை இவ்வளவு விலை கொடுத்துக் கற்ற மொழி, ஸ்பெயினின் பச்சைத் தாளைக் கண்டதும் இரண்டையும் ஒன்றாக்குகிறது என்றால் கோபம் வராதா?

அந்தத் தாளை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தப் பிழை இன்னும் உறுத்தும். வெளிர்பச்சை நிறம். முன்பு முழுத் தாளாகக் கொடுத்தார்கள், இப்போது சட்டைப்பையில் அடங்கும் சிறு அட்டை. படம் கிடையாது. பெயர், நாடு, முகவரி, வெளிநாட்டவர் அடையாள எண், பதிவு செய்த தேதி. கூடவே ஒரு வரி: இதை வைத்திருப்பவரின் அடையாளத்துக்கோ நாட்டுரிமைக்கோ இது சான்றாகாது. தாளே வாய்திறந்து மறுக்கிறது; நம் மொழிபெயர்ப்பாளர் கேட்பதாக இல்லை.

அதன் முழுப் பெயர் ‘செர்த்திஃபிகாதோ தே ரெகிஸ்த்ரோ தே சியுதாதானோ தே லா உனியோன்’. ஒன்றியக் குடிமகனின் பதிவுச் சான்றிதழ் என்று பொருள். கவனியுங்கள், இதில் ரெசிதென்சியா என்ற சொல்லே இல்லை. ‘சியுதாதானோ’, குடிமகன், மட்டும் இருக்கிறது. வழிகாட்டியை எழுதியவர் அதைப் பிடித்துக்கொண்டு ‘குடியுரிமைச் சான்றிதழ்’ செய்துவிட்டார் என்பது என் ஊகம். இங்கே குடிமகன் ஸ்பெயினின் குடிமகன் அல்லன். 1992இல் மாஸ்ட்ரிக்ட்டில் கையெழுத்தான உடன்படிக்கை உண்டாக்கிய ஒன்றியக் குடிமகன்.

சரி, குடியுரிமை தவறென்று ஒப்புக்கொள்பவர்கள் அடுத்து நீட்டுவது ‘வதிவிட அனுமதி’. வதிவிடம் என்றால் வசிக்கும் இடம். இதுதான் எனக்கு உண்மையான எதிரி, ஏனென்றால் பார்க்க நல்ல பிள்ளை போல இருக்கிறது. அனுமதி என்றால் ஒருவர் கேட்கிறார், மற்றவர் தருகிறார், தராமலும் இருக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டோடு போகிறவருக்கு ஸ்பெயின் தருவது அதுதான். விசா, பிறகு வசிப்பதற்கான அங்கீகாரம், பிறகு கைரேகையும் படமும் கொண்ட அட்டை. அதை அனுமதி என்று தாராளமாகச் சொல்லலாம். என் தங்கைக்கு அது பொருந்தாது. 2004ஆம் ஆண்டின் ஒன்றிய நெறியாணையும் அதை ஸ்பெயினில் நடைமுறைக்குக் கொண்டுவந்த 2007ஆம் ஆண்டின் 240ஆம் அரசாணையும் அவளுக்கு உரிமையை முன்பே கொடுத்துவிட்டன. வேலையோ, போதிய பணமும் மருத்துவக் காப்பீடுமோ இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. நிறைவேற்றியவருக்கு உரிமை சட்டத்திலிருந்தே வருகிறது. சான்றிதழ் அதைப் பதிந்துகொள்கிறது, அவ்வளவுதான். மணமாகிப் பல நாள் கழித்துத் திருமணப் பதிவு அலுவலகம் போவது போல. பதிவாளர் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில்தான் கணவன் மனைவி ஆனார்கள் என்று நாம் சொல்வதில்லையே. பதியாவிட்டால் அபராதம் வரலாம். அதனாலேயே உரிமை போய்விடாது.

2007க்கு முன் ஒன்றியத்தாருக்கும் படம் போட்ட வசிப்பு அட்டை ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு வெறும் பதிவாக மாற்றியதன் நோக்கமே அனுமதி என்ற எண்ணத்தைக் கழற்றுவதுதான். சட்டம் கழற்றி வைத்ததைத் தமிழ் மறுபடி மாட்டிவிடுகிறது.

‘கிரீன் கார்டு’ என்று எழுதுகிறவர்களைப் பற்றி இரண்டு வரி போதும். ஸ்பெயினிலும் அதைப் பச்சை என்றுதான் செல்லமாகச் சொல்கிறார்கள், உண்மை. ஆனால் தமிழில் அந்தப் பெயருக்கு அமெரிக்கா என்ற சொந்தக்காரர் ஏற்கெனவே இருக்கிறார்.

என் தேர்வு ‘வதிவு’. புதிதாகச் செய்ததில்லை, குறுந்தொகையின் ஐந்தாம் பாட்டில் ‘வதிகுருகு உறங்கும் இன்னிழல் புன்னை’ என்று வருகிறது. அந்தப் புன்னையிலேயே தங்கும் குருகு, வந்து போவதல்ல. ரெசிதென்சியாவில் உட்கார்ந்திருப்பதும் அந்தப் பொருள்தான். ‘வதிவிடம்’ ஈழத்துச் சொல், தமிழ்நாட்டில் புரியாது என்கிறார்கள். இந்தத் தாளுக்கு வரிசையில் நிற்கும் தமிழர்களில் பலர் ஈழத்திலிருந்து வந்து பிரெஞ்சு, ஜெர்மன், டேனிஷ் கடவுச்சீட்டு பெற்றவர்கள். கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கிப் பழகியவர்கள். அவர்களுக்குப் புரிந்தால் போதாதா? ஒரே ஒரு திருத்தம் சொல்வேன். வதிவிடம் இடத்தைக் குறிக்கட்டும். ஸ்பானியர் ‘தொமிசிலியோ’ என்பதற்கு அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். வாழ்கிற நிலைக்கு வதிவு. உரிமைக்கு வதிவுரிமை. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்த பிறகு வருவது நிரந்தர வதிவு. பச்சைத் தாளுக்கு ‘ஒன்றியக் குடிமக்கள் பதிவுச் சான்றிதழ்’ என்றே எழுதலாம். நீளம்தான், ஸ்பானிஷில் அதைவிட நீளம்.

அதே வழிகாட்டியில் இன்னொரு முத்து. நகராட்சியில் முகவரியைப் பதியும் ‘எம்பத்ரோனமியெந்தோ’வை ‘மக்கள்தொகைக் கணக்கெடுப்பு’ என்று போட்டிருந்தார். கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை அரசு வீட்டுக் கதவைத் தட்டுவது. இது நாமே ஆயுந்தமியெந்தோ எனப்படும் நகராட்சி அலுவலகத்துக்கு வாடகை ஒப்பந்தத்தோடு போய்ப் பெயரைச் சேர்ப்பது. ‘பத்ரோன்’ அந்தப் பேரேடு. ஊர்ப்பதிவு என்றால் முடிந்தது. ஸ்பெயினின் 1985ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி பத்ரோனில் பெயர் உள்ளவர்கள் அந்த ஊரின் ‘வெசினோ’. அகராதியைத் திறந்தால் ‘அண்டைவீட்டார்’ என்று வரும். நம் மொழிபெயர்ப்பாளரும் அப்படியே எழுதி, தங்கையைப் பக்கத்து வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தார். இங்கே வெசினோவுக்குச் சரியான தமிழ் ஊரார்.

தங்கைக்குப் புதிதாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். முதலில் ஊர்ப்பதிவு. பிறகு பச்சைத் தாளுக்கான இஎக்ஸ்-18 விண்ணப்பப் படிவம், 790 எண்ணுள்ள கட்டணப் படிவத்தில் 012 குறியீடு, வங்கியில் 12 யூரோ அளவில் கட்டணம், வேலை ஒப்பந்தம், கடவுச்சீட்டு. கடவுச்சீட்டைக் காட்டினால் போதும், கொடுக்க வேண்டாம் என்று அடிக்கோடிட்டேன். முன்பதிவு கிடைக்கத்தான் மூன்று வாரம் ஆயிற்று. போன வியாழக்கிழமை படம் அனுப்பினாள்: பச்சை அட்டையும் செந்நிற ஜெர்மன் கடவுச்சீட்டும் சமையல் மேசையில் பக்கத்தில் பக்கத்தில். கீழே ‘பதிவுச் சான்றிதழ் வந்துவிட்டது அண்ணா’ என்று எழுதியிருந்தாள். அவள் கணவர்தான் அதை இன்னும் கிரீன் கார்டு என்கிறாராம்.