புல்லுக்கு நடுவே புல்: மருந்துக்கு ஏன் ஆள் தெரிவதில்லை?

சிங்கப்பூரில் தரைவீட்டுக்காரர்கள் புல் வெட்ட வரும் ஆளிடம் தவறாமல் சொல்வது: “நல்லா ஒட்ட வெட்டிடுங்க தம்பி, களை போயிடும்.” போகாது. ஒட்ட வெட்ட வெட்டக் களைதான் கூடும்.

புல்லின் வளர்முனை உச்சியில் இல்லை, மண்ணை ஒட்டி அடியில் இருக்கிறது. நுனியை வெட்டினாலும் இலை கீழிருந்து தள்ளிக்கொண்டு வரும். கூஸ் கிராஸ் என்ற களை இன்னும் கெட்டிக்காரப் புல். அதன் தண்டுகள் சக்கரத்தின் ஆரக்கால்போல் நாலாபக்கமும் தரையோடு படுத்துக் கிடக்கும். அடிப்பகுதி தட்டையாக, வெள்ளி பூசியதுபோல் வெளுத்திருக்கும். வெட்டும் கத்தி அதற்கு மேலேயே போய்விடும். கேழ்வரகுக்கு நெருங்கிய சொந்தம் இது. விரல் விரலாக விரியும் கதிரைப் பார்த்தாலே தெரியும்.

ஒட்ட வெட்டினால் அடி வாங்குவது நாம் புல்தரையாக வளர்க்கும் கவ் கிராஸ் என்ற புல்தான். அதன் அகல இலைகள் மண்ணுக்கு நிழல் தருகின்றன. அந்த நிழலில்தான் விஷயமே இருக்கிறது. பல களை விதைகளுக்குள் பைட்டோகுரோம் என்ற நிறமி உண்டு. பச்சை இலை வெயிலில் உள்ள சிவப்பு ஒளியை எடுத்துக்கொள்ளும். சிவப்புக்கு அடுத்திருக்கும் தொலைசிவப்பு ஒளியைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடும். தொலைசிவப்பு மிகுந்த வெளிச்சம் பட்டால், மேலே ஏற்கெனவே செடி இருக்கிறது என்று விதை உறங்கிக் கிடக்கும். நிழல் விலகிச் சிவப்பு ஒளி நேராக விழுந்ததும் முளைவிடும். போதாக்குறைக்கு, வெறும் மண் பகலில் சுட்டு இரவில் ஆறும். அந்த ஏற்ற இறக்கமும் கூஸ் கிராஸ் விதையை எழுப்பிவிடும்.

சரி, மருந்து அடித்தால்? அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி இருக்கிறது. அது செடியின் வளர்ச்சி ஹார்மோனைப்போல் நடித்து, தாறுமாறாக வளரவைத்தே கொல்லும். புல் இனம் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் களையும் புல்லாக இருந்தால் மருந்துக்குப் பங்காளி யார், பகையாளி யார் என்று தெரியாது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இரண்டையும் சேர்த்தே கருக்கிவிடும். அதுவும் முன்போல் நம்பகமானதில்லை. அதற்கு அசையாத கூஸ் கிராஸ் 1997இலேயே பக்கத்து மலேசியாவில் பதிவானது. மருந்து போய்ப் பூட்டவேண்டிய நொதியில் 106ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறினால் போதும், பிடி தளர்ந்துவிடுகிறது.

அமெரிக்கத் தோட்டக் காணொளிகளைப் பார்த்து, முளைக்குமுன் தடுக்கும் மருந்தை வாங்குவோரும் உண்டு. அங்கே வசந்தத்தில் மண் 13 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அடிப்பார்கள். நண்டுப்புல் என்ற களையின் விதைகள் அப்போதுதான் விழிக்கத் தொடங்கும். சிங்கப்பூர் மண் அந்தக் குளிரைக் கண்டதே இல்லை. இங்கே ஆண்டு முழுவதும் முளைக்கும் பருவம்தான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழையில் மருந்தும் சீக்கிரம் வலுவிழக்கும். கடையில் விற்கிறது என்பதற்காக வாங்கவேண்டாம் என்பது என் கருத்து.

கத்தியை இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் உயர்த்துங்கள். ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவேண்டாம். கேட்டிலிருந்து வாசல்வரை எல்லாரும் நடந்து இறுகிய தடத்தில்தான் கூஸ் கிராஸ் முதலில் குடியேறும். இறுகிய மண்ணில் மற்ற புல் திணறும், இது திணறாது. அங்கே தோட்ட முள்கரண்டியைக் குத்தி மண்ணைப் பொலபொலப்பாக்குங்கள், அல்லது நடைகற்களைப் பதித்துவிடுங்கள்.

அருகம்புல் வேறு கதை. சதுர்த்திக்குத் தேக்காவில் காசு கொடுத்து வாங்கும் அதே புல், கவ் கிராஸில் புகுந்தால் மண்ணுக்கடியிலும் மேலேயும் ஓடிப் பரவும். தண்டில் ஒரு கணு மிஞ்சினாலும் திரும்ப வரும்.

கோரையோ புல்லே இல்லை. தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், மூன்று விளிம்பு தட்டுப்படும். மேலே பிடுங்கினால் அடியில் உறங்கும் கிழங்கு மொட்டுகள் விழித்துக்கொள்ளும், கிழங்கோடு தோண்டவேண்டும்.

கூஸ் கிராஸைக் கதிர் வருமுன், மழை பெய்து மண் இளகிய மறுநாள், வேரோடு எடுங்கள். எடுத்த குழியை அப்படியே விட்டால் அதுவே அடுத்த விதைக்கு வெளிச்சம். ஓரத்திலிருந்து கணுவோடு இரண்டு கவ் கிராஸ் ஓடுதண்டை வெட்டி, அன்றைக்கே அந்தக் குழியில் ஊன்றி மிதித்துவிடுங்கள்.