பசு தின்னும் வைக்கோலைச் செரிப்பது யார்?

வைக்கோலில் மற்ற எதையும்விட அதிகமாக இருப்பது செல்லுலோஸ். அதை உடைக்கும் நொதி எதுவும் பசுவின் உடலில் சுரப்பதில்லை. அப்படியும் வைக்கோல் தின்னும் மாடு பால் கறக்கிறது என்றால், அதன் பெருவயிற்றில், அதாவது ரூமனில், குடியிருக்கும் பாக்டீரியா, ஆர்க்கியா (பாக்டீரியா போலத் தோன்றும் வேறொரு வகை நுண்ணுயிர்), புரோட்டோசோவா (ஒற்றைச் செல் உயிர்கள்), பூஞ்சைகள்தான் காரணம். வளர்ந்த மாட்டின் ரூமன் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே சுமார் 39 டிகிரி சூடு, ஆக்சிஜன் ஏறக்குறைய கிடையாது. அங்கே தீவனம் நொதித்து அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாறுகிறது. மாட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. எனவே தீவனம் பற்றிய எந்தக் கேள்வியையும் முதலில் இந்த நுண்ணுயிர்களிடம்தான் கேட்டாக வேண்டும்.

எப்படிக் கேட்பது? காற்றுப் பட்டாலே செத்துப்போகும் இவற்றில் பெரும்பாலானவற்றை ஆய்வகத்தில் வளர்க்க முடிந்ததில்லை. ஓமிக்ஸ் முறைகள், அதாவது ஓரிடத்தில் இருக்கும் டிஎன்ஏ, ஆர்என்ஏ, வேதிப்பொருள் போன்றவற்றை ஒன்றொன்றாக அல்லாமல் மொத்தமாகப் படிக்கும் முறைகள், வந்த பிறகு அப்படி வளர்க்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. ரூமன் திரவத்தை எடுத்து, அதில் இருக்கும் அத்தனை உயிர்களின் டிஎன்ஏவையும் ஒன்றாகப் பிரித்தெடுத்து, துண்டு துண்டாகப் படித்து, கணினியில் கோத்துப் பார்க்கிறார்கள். மெட்டாஜீனோமிக்ஸ் என்பது இதுதான்.

2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். விலாப்பக்கம் துளையிட்டு மூடி பொருத்திய பசுக்கள் ஆராய்ச்சிப் பண்ணைகளில் உண்டு. மூடியைத் திறந்தால் கை ரூமனுக்குள் போகும். ஸ்விட்ச்கிராஸ் என்ற முரட்டுப் புல்லை நறுக்கி நைலான் பையில் கட்டி, அந்த வழியாக உள்ளே வைத்தார்கள். 72 மணி நேரம் கழித்துப் பையை வெளியே எடுத்து, நாரை விடாமல் பற்றிக்கொண்டிருந்த நுண்ணுயிர்களின் டிஎன்ஏவைப் படித்தார்கள். நாரையும் மாவுச்சத்தையும் உடைக்கக்கூடியவை என்று கணிக்கத்தக்க 27,755 மரபணுக்கள் கிடைத்தன. அவற்றில் 90 மரபணுக்களுக்கு உரிய புரதங்களைச் செய்து சோதித்ததில் பாதிக்கு மேல் உண்மையாகவே வேலை செய்தன. அந்த ஆய்வு நடந்தது உயிரி எரிபொருளுக்காக. ஆனால் உலர்தீவனம் எப்படிச் செரிக்கிறது என்று படிப்பவர்களுக்கு அது பெரிய புதையல்.

சரி, மரபணு இருக்கிறது என்பதால் அது வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. நியூசிலாந்து செம்மறியாடுகளில் இது பளிச்சென்று தெரிந்தது. தீவனத்தில் இருக்கும் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாகி ஏப்பத்தில் போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய தீவனத்தில் அவ்வளவும் நஷ்டம். சில ஆடுகள் மீத்தேனை அதிகமாக விடும், சில குறைவாக விடும். 2014இல் வெளியான ஆய்வில் இரண்டு வகை ஆடுகளையும் ஒப்பிட்டார்கள். மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்களின் எண்ணிக்கையும் அவற்றின் மரபணுக்களின் அளவும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தன. ஒரு மரபணு இயங்கும்போது அதிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்என்ஏவைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது: அதிகம் விடும் ஆடுகளில் அதே மரபணுக்கள் இன்னும் மும்முரமாக இயங்கிக்கொண்டிருந்தன. டிஎன்ஏ பட்டியலோடு நின்றிருந்தால் இரண்டு ஆடும் ஒன்றுதான் என்று முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால் ஆர்என்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். மாதிரியை எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் உறைய வைத்தோ வேறு வழியிலோ பாதுகாக்கவில்லையென்றால், எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தும் பயனில்லை. தீவனம் வைத்து எத்தனை மணி நேரம் கழித்து எடுத்த மாதிரி என்பதும் அதே அளவுக்கு முக்கியம். இதையெல்லாம் குறிப்பிடாத ஆய்வை நான் நம்பமாட்டேன்.

அப்புறம், இத்தனை வேலைக்கும் பிறகு ரூமனில் மிஞ்சும் சின்னச் சின்ன வேதிப்பொருள்களை ஒருசேர அளப்பது மெட்டபோலோமிக்ஸ். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கறவை மாடுகளுக்குத் தீவனத்தில் பார்லியை 0, 15, 30, 45 சதவீதம் என்று படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார்கள். தானியம் கூடினால் பால் கூடும் என்பது பண்ணைக்காரர்களின் அனுபவம். ஆனால் அளவு ஏறியபோது, ரூமன் திரவத்தில் புட்ரசின், மீத்தைலமின் போன்ற வேண்டாத பொருள்கள் பெருகின. அமிலத்தன்மையை மட்டும் அளந்திருந்தால் இவை கண்ணில் பட்டிருக்காது. தானியம் போன்ற அடர்தீவனத்தை அள்ளி வைப்பதற்கு எல்லை உண்டு என்று அனுபவசாலிகள் சொல்லிவந்ததற்கு இது வேதியியல் சான்று.

எல்லா மாட்டின் வயிற்றிலும் துளையிட முடியாது. தினமும் தானாகக் கைக்கு வருவது பால் மட்டும்தான். ஜெர்மனியில் 2012இல் வெளியான ஆய்வு அதைத்தான் பயன்படுத்தியது. கன்று ஈன்ற புதிதில், தின்பது போதாமல் உடல் கொழுப்பைக் கரைத்துப் பால் கறக்கும் மாடுகளுக்குக் கீட்டோசிஸ் என்ற நோய், அதாவது கொழுப்பு கரைவதால் இரத்தத்தில் கீட்டோன் என்ற பொருள்கள் மிகும் கோளாறு, வரக்கூடும். பாலில் இருக்கும் கிளிசரோபாஸ்போகோலின், பாஸ்போகோலின் என்ற இரண்டு பொருள்களின் விகிதத்தை அவர்கள் கணக்கிட்டார்கள். முதலாவது பொருள் தூக்கலாக இருந்த மாடுகளுக்கு அந்த நோய் வரும் ஆபத்து குறைவு. இனவிருத்திக்கு மாடுகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்த விகிதத்தைப் பார்க்கலாம் என்பது அவர்களின் யோசனை.