அட்வான்ஸ் கொடுக்கும் முன் குழி தோண்டுங்கள்

பெங்களூரில் சம்பாதித்துச் சேர்த்த பணத்தில் மாலூர், ஆனேக்கல், ஹொசகோட்டே பக்கம் பத்து குண்டே (கால் ஏக்கர்) நிலம் வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள், பஹணி என்னும் கர்நாடக நில உரிமைப் பதிவேட்டைச் சரிபார்க்கிறார்கள். மண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. மேலே செம்மண் தெரிந்ததும் கெட்டியான பூமி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தச் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது ஒரே மனைக்குள்ளேயே மாறக்கூடியது.

இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி நைஸ் என்னும் மிகப் பழைய பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. பாறை மக்கி மேலே செம்மண்ணாகவும், கீழே கிராவலாகவும், அதற்கும் கீழே பாதி மக்கிய கல்லாகவும் கிடக்கிறது. விரிசல் வழியே தண்ணீர் இறங்கிய இடம் ஆழமாக மக்கியிருக்கும். விரிசலுக்கு நடுவே மாட்டிய கல் மக்காமல் குண்டுப்பாறையாக நிற்கும். ஆகவே ஒரு குழியில் நாலடியில் பாறை தட்டினால் அது அடிப்பாறை என்று நம்பக் கூடாது. அஸ்திவாரத்தின் ஒரு பாதி அந்தக் குண்டுப்பாறைமேலும் மறுபாதி மண்மேலும் உட்கார்ந்தால், மண் பக்கம் இறங்கும், கல் பக்கம் இறங்காது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். வீடு முழுவதும் ஒரே சீராகக் கொஞ்சம் இறங்குவதைவிட இந்த ஏற்றத்தாழ்வே கட்டடத்தை உடைக்கும்.

அதனால் நான்கு மூலையிலும் நடுவிலும் ஆக ஐந்து குழி, ஒவ்வொன்றும் ஆறு முதல் எட்டடி ஆழம். ஜேசிபிக்கு இது பெரிய வேலையில்லை. விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் ஏன் என்று யோசியுங்கள். தோண்டிய குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம், பக்கச் சுவர் சொல்லாமல் சரியும். மேலே நின்றே போட்டோ எடுத்து, ஒவ்வொரு அடியிலிருந்தும் பக்கெட்டில் வந்த மண்ணைத் தனித்தனியாகக் கொட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

மண்ணில் செங்கல் துண்டு, பிளாஸ்டிக், சிமென்ட் கட்டி வந்தால் அது கொட்டி நிரப்பிய பள்ளம். மாலூர் செங்கலுக்கும் ஓட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். சூளைக்கு மண் எடுத்த குழிகளும் கைவிட்ட கல்குவாரிகளும் பின்னாளில் மூடப்பட்டு மனையாவது உண்டு. நிரப்பிய மண் பல வருடம் இறங்கிக்கொண்டே இருக்கும். அஸ்திவாரம் அதைத் தாண்டி இயற்கை மண்ணைத் தொட வேண்டும்; நிரப்பு பத்தடிக்கு மேல் போனால் அந்த இடத்தை விட்டுவிடுவதே எங்கள் யோசனை. நீலகிரி (யூகலிப்டஸ்) மரம் வெட்டிய நிலத்தில் அடிக்கட்டையையும் தடித்த வேரையும் முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டு, குழியைக் கிராவல் போட்டு ஓரோர் அடியாகத் திமிசுக்கட்டையால் இடித்து நிரப்புங்கள். உள்ளே விட்ட வேர் மக்கினால் தரைக்கு அடியில் வெற்றிடம் உண்டாகும்.

ஏரி உள்வாயையும், ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயையும் ஒட்டிய தாழ்வான நிலத்தில் கறுத்த களிமண் வரும். ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். இதற்கு ஆய்வகத்தில் எளிய சோதனை உண்டு. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதை மண்ணெண்ணெயிலும் 24 மணி நேரம் வைத்து, இரண்டின் கன அளவையும் ஒப்பிடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் உள்ளது 50 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் சாதாரணக் கல் அஸ்திவாரத்தை நம்ப வேண்டாம். பொறியாளரைக் கேட்டு, 3.5 மீட்டருக்காவது இறங்கும் அண்டர் ரீம்டு பைல் (அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்) போட்டு, சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமுக்கு அடியில் மண் உப்ப இடைவெளி விடுவதுதான் வழி. ராஜகாலுவே ஓரமென்றால் பஹணியில் 'பி கராப்' என்று குறித்த பரப்பையும் பாருங்கள். அது பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது, விலைக்கு வராது.

இரண்டு மாடிக்கு மேல் கட்டுவதானால் குழி மட்டும் போதாது. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, அடிகளை எண்ணி மண்ணின் உறுதியை அறியும் எஸ்பிடி சோதனையைக் குறைந்தது இரண்டு இடத்திலாவது செய்யுங்கள். எந்த ஆழத்தில் எத்தனை அடி என்ற அட்டவணை இல்லாத அறிக்கையை வாங்காதீர்கள்.

கழிவுநீர்க் குழி பற்றிப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். உறிஞ்சுகுழி வரப்போகும் இடத்தில், அதே ஆழத்தில், ஒரு சிறு குழியெடுத்துத் தண்ணீர் நிரப்பி மண்ணை ஊறவிடுங்கள். மறுபடி நிரப்பி அளந்தால், ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்காத மண்ணில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. நிலத்தைக் கோடையில் பார்த்திருந்தால் செப்டம்பர், அக்டோபர் மழையிலும் ஒருமுறை போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்.

தோட்டத்துக்கு மண் எடுப்பது வேறு முறை. வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில், அரையடி ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுங்கள். மரத்தடி, வரப்பு, எருக்குவியல் பக்கம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, அரைக்கிலோ ஆகும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, பெங்களூர் ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ கிருஷி விஞ்ஞான் கேந்திராவுக்கோ (வேளாண் அறிவியல் நிலையம்) கொடுக்கலாம். அறிக்கையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முதல் செலவு தொழுவுரம். ரசாயன உரம் பிறகு. பிஹெச் (மண்ணின் அமில, கார அளவு) பார்க்காமல் சுண்ணாம்பு போடாதீர்கள். ஏரி வண்டல் நல்லதுதான், ஆனால் நகரத்துக் கழிவுநீர் கலந்த ஏரியின் வண்டலைக் காய்கறிப் பாத்தியில் கொட்டும் முன் ஈயம், காட்மியம், குரோமியம் மூன்றுக்கும் தனியாகச் சோதனை கேளுங்கள். சாதாரண மண் அறிக்கையில் இவை வராது.