ஔரா, ஓயா, சோளகம்: காற்று எப்படிப் பிறக்கிறது?

கிரேக்கப் பழங்கதைகளில் திசைக்கு ஒரு காற்றுத் தெய்வம் உண்டு. வடக்குக்கு போரியஸ், மேற்குக்கு செபிரஸ், தெற்குக்கு நோட்டஸ், கிழக்குக்கு யூரஸ். எல்லாம் ஆண்கள். மெல்லிய இளங்காற்று மட்டும் ஔரா என்ற பெண். வேட்டையில் களைத்த செபலஸ், சூடு தணிய வரச்சொல்லி ஔராவைக் கூப்பிடுகிறான். யாரோ ஒருத்தி என்று சந்தேகப்பட்ட மனைவி புரோக்ரிஸ் புதருக்குள் ஒளிந்திருக்க, சலசலப்பை விலங்கென்று நினைத்து ஈட்டியை எறிந்துவிடுகிறான். பாவம் அந்தப் பெண்.

இளங்காற்றைத் திசைக்காற்றுகளோடு சேர்க்காமல் தனியே வைத்தார்களே, அது அருமையான கவனிப்பு. இரண்டும் பிறக்கிற விதமே வேறு. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இது சுலபமாக விளங்கும்.

பருத்தித்துறைக் கரையில் மத்தியானம் மணலில் கால் வைக்க முடியாது, கடல்நீரோ குளிர்மையாக இருக்கும். ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4200 யூல் வெப்பம் வேண்டும். காய்ந்த மணலுக்குச் சுமார் 800 போதும். போதாததற்கு, கடல் தன் வெப்பத்தை ஆழத்துக்கும் கலந்துவிடுகிறது. மணலுக்கு மேலுள்ள வளி சூடேறி, விரிந்து, மேலே போகிறது. தரையில் அமுக்கம் குறைகிறது. கடல்வளி உள்ளே வருகிறது. இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடுவதால் காற்றும் திரும்பிவிடும். பாய்மர வள்ளங்கள் விடியமுன் தரைக்காற்றில் வெளிக்கிட்டு, பின்னேரம் கடற்காற்றில் கரை சேர்ந்தது இதை நம்பித்தான்.

சோளகம் என்று நாங்கள் சொல்லும் தென்மேல் காற்று அப்படியில்லை, இரவிலும் விடாது. அதற்கு அடுப்பு முழு ஆசியக் கண்டமும். கோடையில் வடமேற்கு இந்தியப் பக்கம் நிலம் கொதித்து அமுக்கம் விழ, தென்னரைக்கோளத்துக் காற்று மத்திய கோட்டைத் தாண்டி வருகிறது. பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்ப, தென்மேல் பருவக்காற்றாகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, எங்களிடம் வரும்போது வெறும் காற்று: புழுதியும் பனையோலைச் சத்தமும்தான். மார்கழியில் ஆசியா குளிர்ந்து அமுக்கம் கூட, எல்லாம் தலைகீழாகி வாடை வருகிறது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பெரிய பெரிய பட்டங்களைத் தூக்கி நிறுத்துவது அந்த வடகீழ்க் காற்றுதான்.

எல்லா நாட்டிலும் பெண்காற்று மென்மையானதல்ல. நைஜீரியாவின் யொருபா மக்களுக்குச் சூறாவளியே பெண், பெயர் ஓயா. இடியின் தெய்வமான சாங்கோவுக்கு மனைவி. அவருக்கு முன்னே வருபவள் என்பார்கள். இதிலும் உண்மை உண்டு. இடிமுகிலுக்குள் விழும் மழையில் ஒரு பகுதி ஆவியாகி, சுற்றியுள்ள வளியைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த வளி பாரமானது. அது தடாலென்று கீழே இறங்கி, தரையில் மோதி, நாலாபக்கமும் பாய்கிறது, மழையையும் முந்திக்கொண்டு. சித்திரை மாதத்துப் பின்னேரங்களில் திடீரென்று ஒரு குளிர்காற்று அடித்தவுடன், முற்றத்தில் காயும் புழுக்கொடியலை (அவித்த பனங்கிழங்கை) அள்ள எங்கள் பெண்கள் ஓடுவது அதனால்தான். மழை வந்து சேரச் சில நிமிடங்கள் இருக்கும்.