ஜிம் திறக்க வந்த தம்பிக்கு ஒரு கணக்கு

சென்ற மாதம் கத்தாரிலிருந்து திரும்பிய இளைஞர் ஒருவர் கையில் ஒரு கோப்புடன் என்னைத் தேடி வந்தார். ஒன்பது வருடம் வெயிலில் நின்று சேர்த்த பணம். திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் ஒரு கட்டடமும் பார்த்துவைத்திருந்தார். கோப்பின் முதல் பக்கம் முழுவதும் இயந்திரங்களின் படங்கள். அதில் எட்டு ட்ரெட்மில். இரண்டாம் பக்கத்தில் சுவரின் நிறம், கண்ணாடி, பெயர்ப்பலகை. மூன்றாம் பக்கம் வெறுமையாக இருந்தது.

"இது எதற்கு?" என்றேன்.

"அது வருமானம் அண்ணா. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

திருகோணமலையில் பதினான்கு வருடமாக உடற்பயிற்சி நிலையம் நடத்துகிறேன். அதற்குள் இந்த ஊரில் திறப்பு விழாவுக்கு வாழை கட்டி, இரண்டாம் வருடத்தில் பூட்டுப் போட்ட ஜிம்களைக் கண்டிருக்கிறேன். அவற்றின் டம்பெல்களில் சில இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. பாதி விலைக்கு வாங்கினேன். ஆகவே அந்த வெறும் பக்கத்தை நிரப்ப எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வாடகை 75,000 ரூபாய். மின்சாரம் 40,000. இரண்டு பயிற்றுநர்களுக்குத் தலா 55,000. அதற்கு மேல் முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதம். ஆக 1,26,500. துப்புரவு, தண்ணீர், சில்லறைத் திருத்த வேலைகள் 35,000. மொத்தம் 2,76,500. மாதக் கட்டணம் 3,000 என்றால், 93 பேர் கட்டினால் கதவு திறந்திருக்கும். பெரும்பாலானோர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிட்டு, "நூறு பேர் வந்தால் இலாபம்" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் அறுபது இலட்சத்துக்கு வாங்கிய இயந்திரங்கள் ஐந்து வருடத்தில் தேய்ந்துவிடும். அதற்கு மாதம் ஓர் இலட்சம் ஒதுக்க வேண்டும். இப்போது 126 பேர் வேண்டும். உங்களுக்கும் வீட்டுக்குச் சம்பளம் வேண்டாமா? அதற்கு ஓர் இலட்சம் போட்டால் 159 பேர்.

தம்பி சிரித்தார். "மாதம் பதினைந்து பேர் சேர்ந்தால் ஒரு வருடத்தில் 180 பேர் ஆகிவிடுவார்களே!"

இங்கேதான் ஜிம்கள் கவிழ்கின்றன. மாதம் பதினைந்து பேர் சேரட்டும். ஒவ்வொரு மாதமும் நூற்றுக்குப் பத்துப் பேர் நின்றுவிடுகிறார்கள் என்று வையுங்கள். உறுப்பினர் எண்ணிக்கை 150-ஐ எட்டும்போது, சேருபவர்களும் பதினைந்து, நிற்பவர்களும் பதினைந்து. அதற்கு மேல் ஓர் ஆள்கூட ஏறாது. நீங்கள் எத்தனை வருடம் காத்திருந்தாலும் அந்த 159 வராது. விளம்பரம் ஒன்றும் கூட்டாமல், நிற்பவர்களை மட்டும் நூற்றுக்கு எட்டாகக் குறைத்தால் எண்ணிக்கை 187 வரை போகும். ஓட்டை வாளிக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற கைதான் களைத்துப்போகிறது.

என் மேசையில் ஒரு வரவுப் புத்தகம் இருக்கிறது. கைவிரல் ரேகை இயந்திரமும் இருக்கிறது. இருந்தும் புத்தகத்தை விடவில்லை. இரவு பூட்டுவதற்கு முன் பெயர்களுக்கு எதிரே விரலை ஓட்டிப் பார்ப்பேன். பத்து நாள் கட்டம் காலியாக இருந்தால் மறுநாள் அழைப்பேன். கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். "முழங்கால் எப்படி இருக்கிறது?" என்பேன். அவருக்கு முழங்கால் வலி என்பது சேர்ந்த அன்று எழுதிவைத்த குறிப்பில் இருக்கும். என் அனுபவத்தில் முதல் மாதம் உற்சாகம் கூட்டிவருகிறது, இரண்டாம் மாதம் கட்டிய பணம் கூட்டிவருகிறது. மூன்றாம் மாதத்தில் வருபவர் தங்கிவிடுகிறார். நின்றவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் நேரமில்லை என்பார்கள். கொஞ்சம் கிண்டினால், வந்த நாளில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை, பயிற்றுநர் ஒரு மூலையில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது வெளியே வரும்.

அடுத்தது முற்கட்டணம். ஜனவரியில் "ஒரு வருடத்துக்கு 30,000 மட்டும்" என்று சலுகை போட்டால் பணம் கொட்டும். நாற்பது பேர் கட்டினால் பன்னிரண்டு இலட்சம். நானும் ஒருமுறை அப்படி வாங்கி, அந்தப் பணத்தில் புது இயந்திரம் இறக்கினேன். ஆகஸ்ட் மாதம் வாடகைக்கு நகையை அடகு வைத்தேன். அந்தப் பணம் என்னுடையது அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. ஒருவர் கட்டிய 30,000-இல் அந்த மாதம் எனக்குச் சொந்தமானது 2,500 மட்டும். மீதி, இன்னும் தராத சேவைக்கான கடன். இப்போது அதற்குத் தனி வங்கிக் கணக்கு. மாதம் பிறந்தால் உரிய பங்கை மட்டும் எடுப்பேன். மனைவி அந்தக் கணக்கின் அட்டையைத் தன்னிடம் வைத்திருப்பதும் ஒரு காரணம்.

இயந்திரங்களுக்கு வருவோம். கண்டியில் ஓடும் ட்ரெட்மில் கடற்கரையோரத்தில் அதே ஆயுளுடன் ஓடும் என்று யாரும் நம்ப வேண்டாம். தொடக்கத்தில் ஒரு விற்பனையாளரிடம் மூன்று பழைய ட்ரெட்மில் வாங்கினேன். நான்காம் மாதம் இரண்டின் திரைகள் அணைந்தன. திறந்து பார்த்தால் மின்சுற்றுப் பலகையில் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்றின் வேலை. ஆனால் அதைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாதது. பாரம் இழுக்கும் கேபிளின் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் உருக்குக் கம்பி இழைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் பளபளப்பாக இருக்கும். கப்பிக்கு அருகே விரலை மெல்ல ஓட்டினால், ஓரிடத்தில் உறை சற்றுப் புடைத்திருக்கும். அங்கேதான் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கின்றன. இதை நான் தெரிந்துகொண்டது, கேபிள் அறுந்து ஒரு மாணவனின் தோளில் இழுபிடிக் கம்பி விழுந்த மாலையில். எலும்பு முறியவில்லை, அது என் கெட்டித்தனம் அல்ல, அவனுடைய அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லாக் கேபிளையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். பாரத் தட்டுகள் ஏறி இறங்கும் வழிகாட்டித் தண்டுகளைத் துடைத்து சிலிக்கன் எண்ணெய் பூசுகிறேன். அதனால்தான் தம்பியின் எட்டு ட்ரெட்மில்லில் ஆறைச் சிவப்புக் கோடிட்டு வெட்டினேன். ஓட விரும்புகிறவனுக்கு உட்துறைமுக வீதி இலவசமாகக் கிடக்கிறது. பளு தூக்கும் சட்டங்கள், வாங்குகள், டம்பெல்கள் ஆகியவற்றுக்கு மின்சாரமும் வேண்டாம், திரையும் அணையாது.

மின்சாரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2023 பெப்ரவரியில் கட்டணத்தை 66 சதவீதம் உயர்த்தினார்கள். குளிரூட்டியை நம்பிக் கண்ணாடியால் அடைத்த மண்டபங்கள் அப்போது அடுப்பாகின. பெரிய ஜன்னலும் எதிரெதிர்க் காற்றோட்டமும் உள்ள கட்டடமாகப் பாருங்கள். கச்சான் என்னும் சுடுகாற்று வீசும் நாட்களில் மின்விசிறி போதாதுதான். அப்போது பயிற்சியைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டச் சொல்வேன்.

இந்த ஊருக்கென்று ஒரு நாட்காட்டியும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி விடுதிகள் நிறைந்திருக்கும். அங்கே வேலை செய்யும் என் உறுப்பினர்கள் இரட்டை வேலை நேரம் பார்ப்பதால் வரமாட்டார்கள். பதிலுக்குச் சுற்றுலாப் பயணிகள் ஒருநாள் கட்டணம் கேட்டு வருவார்கள். வடகிழக்குக் காற்றோடு வாடை மழை தொடங்கினால் மாலை வரவு பாதியாகும். ரமழான் மாதத்தில் முஸ்லிம் உறுப்பினர்கள் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை முடிந்த பிறகே வருவார்கள்; ஆகவே அந்த மாதம் நள்ளிரவு வரை திறந்திருக்கிறேன். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதகாரர்களுக்கு விடுமுறை. அந்த நாட்களை அவர்களின் தவணையில் கூட்டிக் கொடுத்துவிடுவேன். சிறிய காரியம்தான். ஆனால் நன்றியைக் கட்டணத்தோடு சேர்த்துக் கொண்டுவருகிறார்கள்.

பெண்களுக்கான நேரம் பற்றித் தம்பியின் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. காலை ஒன்பது முதல் பதினொரு மணி வரை என் மண்டபம் வருடக்கணக்காக வெறுமையாகக் கிடந்தது. வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பயிற்றுநரைச் சேர்த்து, அந்த இரண்டு மணித்தியாலமும் ஆண்களுக்கு, என்னையும் சேர்த்து, அனுமதி இல்லை என்று பலகை வைத்தேன். வாசலுக்குத் திரையும் போட்டேன். பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு வரும் தாய்மார், நீரிழிவுக்கு வைத்தியர் நடக்கச் சொல்லியும் தெருவில் நடக்கக் கூச்சப்பட்டவர்கள் என்று வந்தார்கள். இன்றைக்கு என் உறுப்பினர்களில் மிகக் குறைவாக நின்றுபோவது இவர்கள்தான். சேரும்போது ஒருத்தி மாமியாரையும் கூட்டிவருகிறாள். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் வீட்டில் இருக்க விடுவதில்லை.

கடைசியாக, கேட்க விரும்பாத ஒன்று. ஜிம் வைத்தால் ஆறு மாதத்துக்குள் யாராவது ஒரு பையன் மெல்ல வந்து, "அண்ணா, ஊசி கிடைக்குமா?" என்று கேட்பான். ஊசியிலும் பெயரறியாத மாவு டப்பாக்களிலும் இருக்கும் இலாபம் மாதக் கட்டணத்தில் இல்லை. விற்கிறவர்களும் உங்களைத் தேடி வருவார்கள். அந்த ஊசியில் இருப்பது தசையைப் பருக்கவைக்கும் ஸ்டெரொய்ட். அது வெளியிலிருந்து ஏறும்போது உடல் டெஸ்டஸ்தெரோன் என்னும் தன் சொந்த ஆண் ஹோர்மோன் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது; விந்தணு குறைகிறது, இதயத் தசை தடிக்கிறது, மாத்திரை வடிவில் எடுத்தால் ஈரலும் பாதிக்கப்படுகிறது. திருமணமாகி மூன்று வருடம் குழந்தையில்லாமல் என்னிடம் வந்து அழுத ஒருவனை நான் மறக்கவில்லை. அவன் ஊசி வாங்கியது என்னிடம் அல்ல. ஆனால் அவன் கை பருத்ததை நான் பார்த்தும் கேட்கவில்லை.

சேரும் ஒவ்வொருவரிடமும் நெஞ்சுவலி, மயக்கம், இரத்த அழுத்தம், சீனி வருத்தம், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். பயிற்றுநர்களுக்கு இதய அழுத்தல் முதலுதவி கற்பியுங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். வியாபாரப் பதிவு, உள்ளூராட்சி சபையின் அனுமதி எல்லாம் திறப்பு விழாவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

போன வாரம் தம்பி மறுபடி வந்தார். உப்புவெளிக் கட்டடத்தை விட்டுவிட்டு, அதே வீதியில் அதன் பாதி அளவில் ஜன்னல் அதிகமுள்ள ஒன்றைப் பிடித்திருக்கிறார். ட்ரெட்மில் இரண்டுதான். மூன்றாம் பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே 93, 126, 159 என்று எழுதியிருந்தது. அதன் கீழே "நின்றவர்கள்" என்று தலைப்பிட்டு ஒரு வெற்றுக் கட்டம். பெண் பயிற்றுநர் ஒருவரை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.