கரண்ட் வைத்தல், கதிரியக்கம், கதிர்வீச்சு: எது சரி?

குறிஞ்சிப்பாடியில் இருக்கும் என் அத்தைக்கு மார்பில் கட்டியை எடுத்து, கீமோவும் முடிந்த பிறகு, "அடுத்து கரண்ட் வைக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தை இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. களை எடுக்க ஆள் வரவில்லை, முழங்கால் வலிக்கிறது என்று நாளுக்கொரு காரணம். ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் என்னை மட்டும் உட்கார வைத்துக் கேட்டார்: "ஏம்ப்பா, கரண்டு வச்சா ஷாக் அடிக்காதா? கைய காலக் கட்டித்தான் வைப்பாங்களா?"

மனநல சிகிச்சையில் கொடுக்கும் மின்அதிர்வைத்தான் அத்தை நினைத்துக்கொண்டிருந்தார். அதையும் நம் ஊர்ப்பக்கம் கரண்ட் வைக்கிறது என்றுதான் சொல்கிறோம். ஆஸ்பத்திரியில் சொன்னதோ ரேடியேஷன் கொடுக்கும் ரேடியோதெரபியை. ஒரே சொல் இரண்டு சிகிச்சைக்கும் நிற்கிறது. அந்தக் குழப்பத்தில் புற்றுநோய் சிகிச்சை இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதனால்தான் இந்தச் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

ரேடியேஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் ரேடியஸ். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் என்பது அதன் ஒரு பொருள். நடுவிலிருந்து நாலாபக்கமும் கால்கள் நீள்வதுபோல ஒளி பரவுவதால் ஒளிக்கதிருக்கும் அதே பெயர் வந்தது. கணக்குப் பாடத்தில் வரும் ஆரத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1898இல் கியூரி தம்பதியர் தாங்கள் கண்ட புதுத் தனிமத்துக்கு ரேடியம் என்று பெயர் வைத்தார்கள். சில பொருள்கள் தாமாகவே கதிரை வெளிவிடும் பண்புக்கு ரேடியோஆக்டிவிட்டி என்ற பெயரையும் அதே ஆண்டில் அவர்களே கொடுத்தார்கள்.

தமிழில் கதிர் என்பது பழைய சொல். ஞாயிற்றின் ஒளியும் கதிர், தினையின் தலையும் கதிர். சங்கப் பாடல்களிலேயே இரண்டு பொருளும் உண்டு. நூல் நூற்கும் ராட்டையின் ஊசிக்கும் கதிர் என்றே பெயர். வீராணம் தண்ணீரில் விளைகிற ஊர்க்காரர்களுக்குக் கதிர் என்றதும் நெல்தான் முதலில் கண்ணில் வரும். வீச்சு என்பது வீசு என்ற வினையிலிருந்து வந்தது, பேசு என்பதிலிருந்து பேச்சு வந்த மாதிரி. உப்பனாற்றில் வீச்சு வலை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டு வலை போகிறது, ஓர் இடத்தில் விழுகிறது. கதிர்வீச்சு என்பதும் அப்படித்தான்: ஓரிடத்திலிருந்து புறப்பட்டு இன்னோரிடத்தில் போய் விழுகிற கதிர்.

கதிரியக்கம் வேறு. கதிர், இயக்கம் என்ற இரண்டும் சேர்ந்த சொல். ஒரு பொருள் யாரும் தூண்டாமல் உள்ளுக்குள்ளிருந்து கதிரை விட்டுக்கொண்டே இருப்பது அது. ரேடியோஆக்டிவிட்டிக்கு அதுவே நேர்ச் சொல். ஆனால் ஆஸ்பத்திரிப் பலகைகளிலும் செய்திகளிலும் ரேடியோதெரபியைக் கதிரியக்க சிகிச்சை என்று எழுதிவிடுகிறார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் துறைக்கும் கதிரியக்கத் துறை என்று பெயர் போடுகிறார்கள். இது எனக்கு உறுத்துகிறது. கதிரியக்கம் என்றால் மக்களுக்கு அணுஉலையும் அணுகுண்டும்தான் ஞாபகம் வரும். சிகிச்சைக்குப் போய்வந்த தாய் பேரக்குழந்தையைத் தூக்கலாமா, ஒரே தட்டில் சாப்பிடலாமா என்று வீட்டில் கேள்வி கிளம்புகிறது.

உண்மையில் என்ன நடக்கிறது? இப்போது பரவலாக இருப்பது லீனாக் என்ற கருவி. அது மின்சாரத்தைக் கொண்டு எலக்ட்ரான்களை மிக வேகமாக ஓட்டி, டங்ஸ்டன் தகட்டில் மோத வைக்கும். அந்த மோதலில் பிறக்கிற எக்ஸ் கதிர்தான் கட்டி இருந்த இடத்தில் விழுகிறது. கதிரியக்கப் பொருள் எதுவும் அதில் வேண்டியதில்லை. சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும், உடம்பில் எதுவும் மிஞ்சாது. யோசித்தால் கரண்ட் என்ற நாட்டுச் சொல்லில்கூட ஓர் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவிக்குத்தான் கரண்ட், உடம்புக்கு இல்லை.

பழைய கோபால்ட் கருவியின் கதை வேறு. அதன் தலைக்குள் கோபால்ட் 60 இருக்கும், அது கதிரியக்கப் பொருள்தான். சுமார் 5.3 ஆண்டில் அதன் வீரியம் பாதியாகிவிடும். வீரியம் குறையக் குறைய, அதே அளவு கதிர் கிடைக்க நோயாளி மேசையில் கூடுதல் நேரம் படுத்திருக்க வேண்டும். அந்தக் கருவியில் சிகிச்சை பெற்றவர் உடம்பிலும் கதிர் தங்காது. தங்குகிற இடம் என்று பார்த்தால், தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடினைச் சொல்லலாம். அங்கே அந்தச் சொல் சரியானது, சில நாள் விலகி இருக்கச் சொல்வதும் சரியானது.

வெளியே தள்ளியிருந்து கதிர் செலுத்துவதை டெலிதெரபி என்பார்கள். தொலைக்கதிர் சிகிச்சை எனலாம். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயில் கதிரை விடும் பொருளை உள்ளேயே கொண்டுபோய்ச் சற்று நேரம் வைத்து எடுப்பது பிராக்கிதெரபி. பிராக்கிஸ் என்றால் கிரேக்கத்தில் குறுகிய என்று பொருள். அண்மைக்கதிர் சிகிச்சை என்பது நன்றாகப் பொருந்துகிறது.

ஒவ்வொரு முறை போய்க் கதிர் வாங்கி வருவதற்குச் சிட்டிங் என்ற சொல்லும் உண்டு. எங்கள் பக்கம் "இருபத்தஞ்சு கரண்டு சொல்லியிருக்காங்க" என்பார்கள். தவணை என்ற நல்ல சொல் நம்மிடமே இருக்கிறது. மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுக்காமல் தவணையாகக் கொடுத்தால், நல்ல செல்கள் இடையில் தேறிக்கொள்ளும். மார்பகப் புற்றுநோயில் முன்பு 25 தவணை வழக்கம். பிரிட்டனில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு 15 தவணை போதும் என்பது பல நாடுகளில் நடைமுறையாகிவிட்டது. யாருக்கு எத்தனை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனால் கடலூர் மாவட்டத்து கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி கோரிமேடு ஜிப்மருக்குப் போய்வருகிற குடும்பத்துக்கு, பத்து நாள் குறைவது பத்து நாள் கூலி.

தூரம் சின்ன விஷயம் இல்லை. புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படும். பத்து லட்சம் பேருக்கு ஒரு கருவியாவது வேண்டும் என்பது உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. இந்தியா இன்னும் அதை எட்டவில்லை. இருக்கிற கருவிகளும் பெருநகரங்களில் குவிந்திருக்கின்றன. கோபால்ட் குறைந்து லீனாக் பெருகுகிறது, ஆனால் எல்லா மாநிலத்திலும் ஒரே வேகத்தில் இல்லை. தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது, வடகிழக்கு மாநிலங்கள் பின்தங்கியிருக்கின்றன. சென்னையில் 1934இலேயே பர்னார்டு கதிரியல் நிலையம் வந்துவிட்டது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் தொடங்கியது. 2019இல், எக்ஸ் கதிருக்குப் பதிலாக புரோட்டான் என்ற அணுத்துகளைச் செலுத்தும் தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையமும் சென்னையில்தான் அமைந்தது.

சரி, எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது? ரேடியோதெரபிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை. எக்ஸ்ரே, ஸ்கேன் துறைக்குக் கதிரியல். கதிரியக்கத்தை அதற்குரிய பொருளுக்கு மட்டும் விட்டுவிடலாம்.

அத்தையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "வெயில் மேல படுற மாதிரிதான் அத்தை, கண்ணுக்குத் தெரியாத கதிர். படும்போது வலிக்காது, யாரும் கட்ட மாட்டாங்க. நாள் ஆக ஆக தோல் கொஞ்சம் கறுக்கும், அசதியா இருக்கும்" என்றேன். மறு திங்கள்கிழமை கிளம்பினார். தோலில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள், அழிக்காமல் குளிக்கச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் உள்ளே போய்ச் சில நிமிடத்தில் வெளியே வந்து, புடவையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: "அவ்ளோதானா?"

நேற்று ராத்திரி போன் செய்தார். "பதினொண்ணாவது கரண்டு முடிஞ்சுதுப்பா. இன்னும் நாலுதான்."