அடிகளை மட்டும் கற்றுக்கொடுத்தால் அது லிண்டி ஹாப் ஆகாது

லிண்டி ஹாப் கற்க வருபவர்களில் பலர் அதைப் 'பழைய அமெரிக்க ஜோடி நடனம்' என்றே நினைத்து வருகிறார்கள். அது எந்த அமெரிக்கர்களுடையது என்று சொல்லாமல் வகுப்பைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 1920களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய நடனம் அது. 1926இல் லெனாக்ஸ் அவென்யூவில் திறக்கப்பட்ட சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கில்தான் அது வளர்ந்தது. அன்று ஹார்லெமிலேயே இருந்த காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் கறுப்பினக் கலைஞர்கள் மேடையேறலாம். பார்வையாளர்களாக உட்கார இடம் கிடையாது. சவாயிலோ எல்லா இனத்தவரும் ஒரே தளத்தில் ஆடினார்கள்.

பின்னாளில் நடனப் பள்ளிகள் இதை எட்டு எண்ணிக்கைக்குள் அடக்கி விற்றன. நானும் எண்ணித்தான் தொடங்குகிறேன். ஆனால் சீக்கிரமே நிறுத்திவிடுவேன். சவாயின் முன்னணி ஆட்டக்காரர் ஃபிராங்கி மேனிங் எண்களைவிட வாயால் தாளம் சொல்லிக் கற்பித்தவர். லிண்டி ஹாப்பின் அடிப்படை அசைவான ஸ்விங் அவுட்டில் ஜோடி விலகித் திறக்கும் ஒரு கணம் உண்டு. அது ஆடுபவரின் சொந்தக் கற்பனைக்கான இடம். அதை அழகான கையசைவுகளால் நிரப்பித் தரும்படி மாணவர்கள் கேட்பார்கள். தரமாட்டேன். சவாயில் இசைக்குழு நடத்திய டிரம்ஸ் கலைஞர் சிக் வெப்பின் இசைத்தட்டைப் போட்டு, டிரம்ஸை மட்டும் கவனித்து நடக்கச் சொல்வேன். முதலில் கூச்சப்படுவார்கள்; பிறகு ஒருவர் தோளைக் குலுக்குவார், எதிரில் இருப்பவர் அதற்குப் பதில் சொல்வார். அந்தக் கேள்வி பதில்தான் கறுப்பின இசையின் உயிர்நாடி. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது உடற்பயிற்சி.

ஜோடியைத் தூக்கி வீசும் சாகசத்தை 1930களில் லிண்டி ஹாப்புக்குள் கொண்டுவந்த அதே மேனிங், பிற்காலத்தில் சுமார் முப்பது ஆண்டுகள் தபால் துறையில் வேலை பார்த்தார். 1980களில் இளம் நடனக்காரர்கள் தேடிப்போய் அழைத்த பிறகுதான் ஆசிரியராக உலகம் சுற்றினார். அவருடன் ஆடிய நோர்மா மில்லரும் 2019இல் மறையும்வரை ஹார்லெமின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இன்னொன்று: கேக்வாக் நடனத்தைப் பழங்கால வேடிக்கையாக மேடையேற்றுபவர்கள் கவனிக்க வேண்டும். அடிமைப்பட்ட மக்கள் எஜமானர்களின் மிடுக்கைக் கேலி செய்து ஆடியது அது. அதையே வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யப் பயன்படுத்தினார்கள். உடை, ஒப்பனை முடிவு செய்வதற்கு முன் குழுவில் இதைப் பேசிவிடுங்கள்.

விழா நடத்துபவர்கள் கறுப்பின ஆசிரியர்களை வரலாற்றுச் சொற்பொழிவுக்கு மட்டும் அழைப்பதைப் பார்க்கிறேன். முதன்மை வகுப்பையும் அவர்களிடமே கொடுங்கள். மற்றவர்களுக்குத் தரும் அதே கட்டணத்தோடு.